ஒரே தாளில் இரண்டு பெயர்

ஏப்ரல் 16, ஞாயிறு

மோட்டார் மறுபடியும் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், அவ்வளவுதான். "ஒங்கள மாதிரியே இருக்கு" என்றாள் பியூலா. முப்பத்தொன்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், சொல்லிவிட்டுப் போகட்டும். எதிர்வீட்டில் இரண்டு குடம் வாங்கிக் குளித்துவிட்டு ஆராதனைக்குப் போனோம்.

எங்கள் சபைக்குப் போதகர் கிடையாது, அங்கி கிடையாது, மணி கிடையாது. பாளையங்கோட்டையில் வாடகைக்கு எடுத்த ஒரு நீளமான ஹால், அறுபது விசுவாசிகள், சபையை நடத்த மூன்று மூப்பர்கள். மூத்தவர் நெகேமியா அண்ணன், எழுபத்திரண்டு வயது. அடுத்தது நான், அறுபத்தேழு. கடைசியாகச் செல்வின், நாற்பத்தைந்து. எங்கள் இருவருக்கும் சேர்த்து அவனே சத்தமாக ஜெபித்துவிடுவான். போன வருஷம் தெருக்காரர்கள் புகார் கொடுத்து ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகு அதுவும் ஒரு வசதியாகத்தான் இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் நெகேமியா அண்ணன் எழுந்தார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் பண்ணிக்கொள்ள உரிமை கேட்டுத் தில்லியில் வழக்கு வருகிறதாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அடுத்த ஞாயிறு, அந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தில்லிக்கு ஒரு மனு. "மனுவ ஞானசிகாமணி எழுதட்டும். தபாலாபீஸ்ல ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்த கை" என்றார். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது.

மத்தியானம் சீலாஸ் போன் செய்தான். என் ஒரே மகன், முப்பத்துநான்கு வயது, பூனாவில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஆபீஸை மூடுகிறார்களாம். மே முதல் தேதியிலிருந்து கோயம்புத்தூர். கெர்சோமும் அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு வருகிறான். கெர்சோம் நாகர்கோவில் பையன். ஆறு வருஷமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"அப்பா, கோயம்புத்தூர் சபைக்கு ஒரு கடிதம் வேணும். போன தடவ மாதிரி."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

எங்களில் ஒரு விசுவாசி வேறு ஊருக்குப் போனால் சொந்தச் சபை மூப்பரின் சிபாரிசுக் கடிதம் கொண்டுபோக வேண்டும். இவர் எங்களோடு ஐக்கியத்தில் இருப்பவர், கர்த்தருக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. அது இல்லாதவர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். இயேசுவின் நினைவாக ஞாயிறுதோறும் ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்து உண்ணும் அப்பத்தின் தட்டு அந்த பெஞ்சுக்கு வராது. எங்கள் சபையில் இருபது வருஷமாக அந்தக் கடிதங்களை எழுதுவது நான்தான்.

எழுதி வைக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 17, திங்கள்

மெக்கானிக் வரவில்லை. நாளைக்கு என்கிறான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

சபைக்குச் சொந்தமாக ஹால் கட்ட அனுமதி கேட்டு நெகேமியா அண்ணனோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். இடம் வாங்கி நாலு வருஷமாகிறது. காலை பத்து மணியிலிருந்து இரண்டரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு எழுத்தர் எங்கள் கோப்பைப் புரட்டினார். நல்ல பையன்தான், மரியாதையாகவே பேசினார்.

"தெருக்காரங்க ஆட்சேபம் எழுதிக் குடுத்திருக்காங்க சார். நீங்க கும்பிடுறத யாரு வேண்டாம்னா? ஒங்க வீட்டுக்குள்ள எப்படி வேணும்னாலும் இருந்துக்கோங்க. வெளிய எதுக்கு?"

நெகேமியா அண்ணன் எழுந்து வெளியே வந்துவிட்டார். டீக்கடையில் கிளாஸைச் சரியாகப் பிடிக்காமல் வேட்டியில் கொட்டிக்கொண்டார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாம யாருக்குத் தம்பி எடைஞ்சல்? பொறந்த ஊர்ல இருந்துக்கிட்டு, இருக்கட்டுமான்னு ஒவ்வொருத்தன்ட்டயும் கேக்க வேண்டியிருக்கு." இந்த மனிதர் என் அப்பா செத்தபோது மூன்று நாள் என் வீட்டிலேயே தங்கி எல்லாம் பார்த்தவர். அவரை அப்படிப் பார்க்க முடியவில்லை. எழுத்தர் மேலும் கோபம், தெருக்காரர்கள் மேலும் கோபம். வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

"இதுல தில்லில அந்தச் சட்டமும் வந்துட்டுன்னு வையி, அந்தக் கலியாணத்த ஒங்க ஹால்லயே நடத்துங்கம்பான். மாட்டோம்னா பூட்டிருவான்" என்றார் அண்ணன்.

இருக்கும் என்றேன். அந்தப் பயம் எனக்கும் உண்டு. இல்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 20, வியாழன்

மனு எழுத உட்கார்ந்தேன். "நாங்கள் சிறுபான்மையினர். நாளுக்கு நாள் ஒதுக்கப்பட்டு வருகிறோம்" என்று முதல் வரி சுலபமாக வந்துவிட்டது. அடுத்த வரிக்கு மூன்று மணி நேரம். ஓய்வூதியம் வராத விதவைக்கு மனு, பட்டா மாறாதவனுக்கு மனு, ராணுவத்தில் காணாமல்போன பிள்ளைக்கு மனு, இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். எல்லாம் ஏதாவது ஒன்றைக் கொடு என்று கேட்கிற மனு. ஒருவருக்கும் கொடுக்காதே என்று கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. அதனால்தான் கை வரவில்லை என்று நினைக்கிறேன்.

பியூலா பின்னால் நின்று வாசித்தாள். போய் வெங்காயம் உரித்தாள். ஒன்றரைக் கிலோ வெங்காயம். சாம்பாருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "உரிச்சா உரிக்கேன், ஒங்களுக்கென்ன" என்றாள்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 21, வெள்ளி

உபவாச ஜெபம், காலை பத்திலிருந்து மூன்று வரை. செல்வின் ஜெபித்தான். தேசத்தைப் பிடித்த வியாதி என்றான், பிள்ளைகளைப் பிடித்த பிசாசு என்றான், அந்தப் பெற்றோர்கள் ஒழுங்காக வளர்க்காததால் வந்தது என்றும் சொன்னான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். வாய்ப்பழக்கம்.

பதினொன்றரைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து பியூலா எழுந்து வெளியே போனாள். அரைமணி ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"உள்ளங்கால் எரியுது."

குழாயை மூடிவிட்டு உள்ளே வந்தோம். அவளுக்குச் சர்க்கரை பார்த்து ஆறு மாதமாகிறது. பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஐம்பத்துநான்கு கையெழுத்து. எழுதியவன் முதலில் போட வேண்டும் என்றார்கள். போட்டேன்.

பியூலா கண்ணாடி கொண்டுவரவில்லை, அடுத்த வாரம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வின் அதைப் பார்த்தான்.

ஏப்ரல் 24, திங்கள்

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நானே கோந்து தடவி நானே ஒட்டினேன். மெக்கானிக் வந்தான், மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். குழாயிலும் தண்ணீர் இல்லை, இப்போது மோட்டாரும் இல்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

சீலாஸின் கடிதத்தை இன்று எழுதிவிடலாம் என்று லெட்டர்பேடை எடுத்தேன். போன தடவை எழுதியது 2017 செப்டம்பரில்.

அப்போது நடந்ததைக் குறித்து வைக்கிறேன். கெர்சோமுக்கு நாகர்கோவில் சபையில் ஏதோ காரணத்தால் கடிதம் கொடுக்கவில்லை. பூனா சபையில் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சீலாஸுக்கு நான் முன்பே கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். அது அவன் பையில்தான் இருந்தது. ஆனால் அவன் அதை அங்கே கொடுக்கவில்லை. நாலு மாதம் கெர்சோமுக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான். பிறகு லீவில் வந்தபோது, "ரெண்டு பேருக்கும் சேத்து எழுதித் தாங்கப்பா" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். தனி ஆள் என்றால் ஆளுக்கொரு தாள், குடும்பம் என்றால் எல்லோருக்கும் ஒரே தாள், அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்குத் தாள் தீர்ந்துபோயிருந்ததால் இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதிவிட்டேன். "இவ்விருவரும் ஒரே வீட்டாராய் இருந்து கர்த்தரைச் சேவித்து வருகிறார்கள்" என்று வந்துவிட்டது. கெர்சோம் எங்கள் சபைக்கு ஒரே ஒரு தடவை, கிறிஸ்துமஸ் லீவில்தான் வந்திருந்தான். பியூலா வைத்த மீன்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். நல்ல பையன்.

இன்றைக்குத் தேதி மட்டும் போட்டுவிட்டு மூடி வைத்தேன். பேனா கசிகிறது.

ஏப்ரல் 27, வியாழன்

காலை பதினொரு மணிக்கு நெகேமியா அண்ணன் மொபெட்டில் வந்தார். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. செல்போனை நீட்டினார். பூனா சபை மூப்பர் ஒரு படம் அனுப்பியிருந்தார். என் கையெழுத்து. 2017-ல் நான் எழுதிய கடிதம்.

நடந்தது இது. ஊரைவிட்டுப் போகிறார்களே என்று பூனா சபைக்காரர் ஒருவர் கெர்சோமுக்குத் தன் மைத்துனியைக் கேட்டிருக்கிறார். அவன் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "எனக்குக் கலியாணம் வேண்டாம் பிரதர். சீலாஸோடதான் என் வாழ்க்கை" என்று சொல்லிவிட்டான். உடனே அங்கே மூப்பர்கள் கூடிப் பழைய கோப்பைத் தேடியெடுத்திருக்கிறார்கள். ஒரே வீட்டார் என்று ஒரு மூப்பரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே, உங்கள் சபைக்கு இது தெரியுமா என்று கேட்கிறார்கள்.

அண்ணன் என் முழங்காலில் கை வைத்தார். "நீ தெரியாமத்தான் எழுதிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன? ரெண்டு வரி எழுதிரு. தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வரி. சிபாரிச வாபஸ் வாங்குதேன்னு ஒரு வரி. நான் அனுப்பிருதேன். முடிஞ்சுது."

"சீலாஸ் என்ன செய்வான்?"

"அவன யாரு என்ன சொன்னா? அவங்க வீட்டுக்குள்ள எப்படியும் இருந்துக்கிடட்டும். சபைக்குள்ள எதுக்கு?"

அலுவலகத்துப் பையன் சொன்னதும் இதுதான். அண்ணனுக்கு அது ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அவர் முகம் அவ்வளவு சோர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பியூலா அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சாப்பிடும்போது, "ரசம் ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

சீலாஸ் போன் செய்தான். கத்துவான் என்று நினைத்தேன். அவன் குரலில் கோபமே இல்லை. சரக்கெல்லாம் கட்டி லாரிக்குக் காத்திருக்கிறார்களாம்.

"அப்பா, நெகேமியா பெரியப்பா எனக்குப் போன் பண்ணினாவ. தெரியாம எழுதிட்டேன்னு நீங்க எழுதித் தாறதா சொன்னாவ."

"ம்."

"நான் ஒண்ணு கேக்கேன். நீங்க வாபஸ் வாங்குங்க, வாங்காதீங்க, அது ஒங்க இஷ்டம். எங்களுக்குப் பின்னால உக்காந்து பழக்கந்தான். ஆனா நீங்க தெரிஞ்சுதான் எழுதினீங்கன்னு ஆறு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அத நெனச்சுத்தான் பல நாள் ஓட்டிருக்கேன். தெரியாமத்தான் எழுதினீங்களா?"

"டேங்க் நெறஞ்சு வழியுது, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

பியூலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மோட்டாரே கடையில கெடக்கு. எந்த டேங்க் நெறஞ்சுது?" என்றாள்.

ஏப்ரல் 29, சனி

அண்ணன் கேட்ட இரண்டு வரியை எழுதவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

"கொண்டாந்தியா?" என்று அண்ணன் கேட்டார். வெள்ளிக்கிழமை மூப்பர் கூட்டத்தில் தருகிறேன் என்றேன். செல்வின் என்னிடம் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அப்பத்தட்டை நான்தான் ஆண்கள் பக்கம் கொண்டுபோனேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை. வெயில் தாங்க முடியவில்லை.

மே 2, செவ்வாய்

மோட்டார் வந்தது. மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டு பியூலா கைதட்டினாள். பிறகு வந்து உட்கார்ந்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். நான் மோட்டாரை நிறுத்தவா என்று கேட்டேன். எனக்கு இப்படித்தான் கேட்க வருகிறது.

பிள்ளைகள் நேற்றே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அவளுக்குத்தான் செய்தி அனுப்பியிருக்கிறான், எனக்கு இல்லை.

மே 3, புதன்

இந்த நோட்டில் இதுவரை நான் எழுதாத ஒன்றை எழுத வேண்டும். எழுதாமல் விட்டது மட்டுமில்லை, போன வாரம் தாள் தீர்ந்துபோயிருந்தது என்று பொய்யும் எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டிலேயே பொய்.

2017 செப்டம்பரில் சீலாஸ் வருவதற்கு எட்டு நாள் முன்னால் நாகர்கோவில் மூப்பர் எனக்குப் போன் செய்தார். கெர்சோமுக்கு ஏன் கடிதம் கொடுக்கவில்லை என்று சொன்னார். "ஒங்க மகனும் அவனும் வெறும் கூட்டாளிங்க இல்ல பிரதர். ஒங்க காதுல போட்டு வைக்கேன், அவ்வளவுதான்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அதற்கு முன்பே எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். பெண் பார்க்கப் போகலாம் என்று சொன்னபோதெல்லாம் அவன் முகம் போன போக்கைப் பார்த்த எந்த அப்பனுக்கும் தெரியும்.

தெரிந்துதான் எழுதினேன். மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது தாளில் நன்றாக வந்தது. தனித்தனியாகவும் எழுதிப் பார்த்தேன். அது பொய்யாக இருந்தது. ஒரே வீட்டார் என்பது மட்டும்தான் உண்மையாக இருந்தது.

நான் ஒன்றும் பெரிய புரட்சிக்காரன் இல்லை. வேதம் சொல்வது இது என்று சின்ன வயதிலிருந்து கற்றதை மாற்றிப் படிக்க எனக்குப் படிப்பும் இல்லை, தெம்பும் இல்லை. அன்றைக்கு மனதில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். என் மகன், பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு, நாலு மாதம் அப்பம் இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அது பொறுக்கவில்லை. பிறகு ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டேன். மனுவும் எழுதினேன், முதல் கையெழுத்தும் போட்டேன். அதை இனிமேல் திரும்ப வாங்க முடியாது.

பியூலாவிடம் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாகர்கோயில்காரர் போன் பண்ணினது எனக்குத் தெரியும். நான்தான மொதல்ல எடுத்தேன். ஒங்கள்ட்டக் குடுத்துட்டு இங்கனயே நின்னேன்."

"ஆறு வருசமா ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சா ஒங்களால தாங்க முடியாதுன்னு நெனச்சேன். தாள் தீந்து போச்சாம்! தபாலாபீஸ்காரர் வீட்டுல!"

இருவரும் சிரித்துவிட்டோம். ரொம்ப நாளாகிறது சிரித்து. சிரித்து முடித்ததும் களைப்பாக இருந்தது, ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டோம்.

மே 5, வெள்ளி

நாலு மணிக்கு எங்கள் வீட்டில் மூப்பர் கூட்டம். பியூலா டீயும் முறுக்கும் வைத்துவிட்டு வழக்கம்போல் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். நான் எழுதிய தாளை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "2017-ல் நான் எழுதிய கடிதம் தெரிந்தே எழுதியது. அதை வாபஸ் வாங்க என்னால் இயலாது. ஞானசிகாமணி." அவ்வளவுதான்.

செல்வின் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். "அண்ணே, அப்பம் குடுக்கிற கையா இது? ஒரு கையால மனு, இன்னொரு கையால இதா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. "ரெண்டும் என் கைதான் தம்பி. மனுவ எழுதினதுதான் தப்பு" என்றேன்.

நெகேமியா அண்ணன் கெஞ்சுவதுபோல் பேசினார். "இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்தத் தாளக் கிழிச்சிருவோம். தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒன்ன ஐக்கியத்துலருந்து நிறுத்த வச்சிராத, நான் ஒங்கூட முப்பது வருசம் ஒரே அப்பத்துல..."

"நிறுத்துங்கண்ணே."

"வெளிய அவனுவ நம்மளத் தள்ளுதானுவ. உள்ள நீயும் தள்ளுதியே."

"நான் ஆரையும் தள்ளலண்ணே. ரெண்டு பேர உள்ள விடுங்கன்னு எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதார். எனக்கும் வந்தது. நாங்கள் இருவரும் எதிரிகள் இல்லை, அதுதான் கஷ்டம். அவருக்குச் சபை மட்டும்தான் இருக்கிறது. பிள்ளையில்லாத மனிதர், மனைவியும் போய்விட்டாள். அந்த அறுபது பேரும் சிதறிப்போனால் அவருக்கு வேறு போக்கிடமே கிடையாது. அதை நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபமே வர மாட்டேன் என்கிறது.

ஞாயிறு முதல் நான் மூப்பர் இல்லை, ஐக்கியத்திலும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் யார் எழுதுவது என்று செல்வின் கேட்டான். எப்போதும் நான்தானே எழுதுவேன். சரி, கொடுங்கள் என்று நானே எழுதினேன். முறுக்கை யாரும் தொடவில்லை.

மே 6, சனி

காலையில் சீலாஸுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், வேறு பேச்சு பேசிவிடுவேனோ என்று பயந்து, "தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன்.

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை. பிறகு கெர்சோமின் குரல் வந்தது.

"அங்கிள், அவன் அழுதுக்கிட்டு இருக்கான். அப்புறமா பேசச் சொல்லட்டா?"

"அழட்டும். நான் வைக்கல."

எட்டு நிமிஷம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் உறிஞ்சுவான். கடைசியில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றான். இட்லி என்றேன். நாளைக்கு அங்கே சபைக்குப் போவியா என்று கேட்டேன்.

"போவோம். கடிதந்தான் இல்லையே, பின்னால உக்காந்துக்கிடுவோம்."

என்னை நிறுத்தியதை நான் சொல்லவில்லை. அவன் அம்மா சொல்லிவிடுவாள்.

மே 7, ஞாயிறு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இருபது வருஷம் மூப்பராக இருந்தும் அங்கே மின்விசிறிக் காற்று வராது என்பது எனக்குத் தெரியாது. பெஞ்சின் ஒரு கால் வேறு குட்டை. பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, "லெட்டர் வாங்காம வந்துட்டேன் பிரதர். நீங்களும் மறந்துட்டீங்களா? எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இந்த ஊர்தான்" என்றேன்.

எல்லோருடைய முதுகும் தெரிந்தது. முதுகுகளைப் பார்த்து ஆராதனை செய்வது கஷ்டமாகத்தான் இருந்தது. இதே நேரம் கோயம்புத்தூரிலும் இரண்டு பேர் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, அவமானமும் இருந்தது.

நெகேமியா அண்ணன்தான் தட்டைக் கொண்டுவந்தார். எங்களுக்கு முன் பெஞ்சு வரை வந்தார். என்னைப் பார்க்காமல் திரும்பிவிட்டார். பிறகு தட்டு பெண்கள் பக்கம் போனது. பியூலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினாள். அவள் எடுக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். எடுத்தாள். எல்லோரும் விரல்நுனி அளவு பிய்க்கிற இடத்தில் ஒரு பெரிய துண்டாகப் பிய்த்தாள். பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். காலையில் சாப்பிடவில்லையே, பசியோ என்று நினைத்தேன். எனக்கு மனசு கொஞ்சம் வலித்தது, அவளாவது சேர்ந்திருக்கட்டும் என்றும் இருந்தது.

முடிந்ததும் யாரும் என்னிடம் பேச வரவில்லை. நான் ஹாலுக்குப் பின்னால் போய் நின்றேன். பியூலா வேகமாக வந்தாள். முழங்கால் வலிக்காரி, இப்படி நடந்து நான் பார்த்து நாளாகிறது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அப்பம், மூன்று துண்டாக.

"சீக்கிரம் வாயில போடுங்க. நெகேமியா அண்ணன் செருப்பு மாட்டுதாவ."

"இது தப்பு பியூலா."

"தப்புதான். வாயத் தெறங்க."

திறந்தேன். போட்டாள். மென்று விழுங்க நேரமாயிற்று, வாய் உலர்ந்திருந்தது. மீதி இரண்டு துண்டையும் மறுபடி முந்தானையில் முடிந்தாள்.

"அது?"

"கோயம்புத்தூருக்கு. ஆளுக்கொண்ணு."

"போய்ச் சேருறதுக்குள்ள காஞ்சிரும்."

"காயட்டும். மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன்."

இப்போது இரண்டேகால். பையைக் கட்டியாகிவிட்டது. பயணத்துக்கு நல்ல சேலையாக மாற்றிக்கொள் என்று சொன்னேன். மாட்டேன் என்கிறாள், முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்குமாம்.